அப்பாச்சி வார் ஸ்மோக் (1952): முற்றுகையில் மாட்டிய கோச் வண்டிப் பயணிகள்

#1 பழையரீல்

நம் மன்றத்தின் வெஸ்டர்ன் (அமெரிக்க மேற்குப் பகுதிக் குதிரை-துப்பாக்கிப் படங்கள்) பகுதியில் பெரிய படங்களுக்கெல்லாம் தனித்தனி இழை இருக்கிறது. இந்தச் சின்னப் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் தொடங்குகிறேன். எம்ஜிஎம் ஸ்டுடியோ 1952-ல் வெளியிட்டது. கறுப்பு வெள்ளை, 67 நிமிடம். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில், பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்கென்றே எடுத்த வகை. பெரிய நட்சத்திரம் கிடையாது, பிரம்மாண்டமும் கிடையாது.

கதை இதுதான். பாலைவனத்தில் ஒரு கோச் நிலையம். விலங்குகளை மாற்றவும் பயணிகள் ஒரு வாய் சாப்பிடவும் வண்டி நிற்கிற இடம். அதன் பொறுப்பாளன் டாம் ஹெரேரா (ராபர்ட் ஹார்ட்டன்). எவனோ ஒருவன் அந்த மண்ணின் பழங்குடிகளான அப்பாச்சிகள் சிலரைக் கொன்றுவிட்டான். கொன்றவனைத் தேடி அவர்கள் வருகிறார்கள். அந்த நேரத்தில்தான் கோச் வண்டியும் பயணிகளோடு வந்து சேர்கிறது. பேசோ என்ற கொள்ளைக்காரனும் (கில்பர்ட் ரோலண்ட்) அங்கே வருகிறான். அவன் டாமின் அப்பா. சந்தேகமும் அவன்மேல்தான் விழுகிறது. வெளியே முற்றுகை, உள்ளே, 'நம்மில் எவன்?' என்ற கேள்வி. பார்க்காதவர்கள் இருப்பீர்கள், முடிவைச் சொல்லவில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இதை ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு கோச் வண்டிப் பயணிகள்தான், ஓடுகிற வண்டியை அப்பாச்சிகள் துரத்துகிறார்கள். இரண்டுக்கும் மூலக்கதை எழுதியவர் ஒருவரே, எர்னஸ்ட் ஹேகாக்ஸ். ஃபோர்டின் படம் கலையில் எங்கோ உயரத்தில் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் அப்பாச்சிகள் புயல் மாதிரி வருகிறார்கள், போகிறார்கள். ஏன் வந்தார்கள் என்று படம் கேட்பதேயில்லை. இந்தச் சின்னப் படத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது: எங்கள் ஆட்களைக் கொன்றவனைக் கொடு. மொத்தக் கதையும் அந்த வழக்கின்மேல்தான் நகர்கிறது. 67 நிமிடப் படம் இதைச் செய்திருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

#2 ரிங்கோரசிகன்

அண்ணா, இந்தப் படத்தைத் தாராளமாப் பாராட்டுங்க, அதுக்காக ஃபோர்டை இறக்காதீங்க. ஸ்டேஜ்கோச்சும் ஒண்ணும் பணத்தைக் கொட்டி எடுத்த படம் இல்லை. வெஸ்டர்னா, வேண்டாம்னு பெரிய ஸ்டுடியோக்கள் ஒதுங்கின காலம் அது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக், பெரிய நட்சத்திரங்களான கேரி கூப்பரையும் மார்லீன் டீட்ரிச்சையும் போடச் சொன்னார். ஃபோர்டு மசியலை. கடைசியில் வால்டர் வேஞ்சர் தயாரிச்சார். செலவு ஐந்தரை லட்சம் டாலரைத் தொடலை. ஜான் வேய்ன் அப்போ மலிவு வெஸ்டர்ன்களிலேயே தேங்கிக் கிடந்த நடிகர். டைட்டிலில் முதல் பெயர் கிளேர் டிரெவருடையது.

அப்பாச்சி ஏன் வந்தான்னு படம் கேட்கலைங்கிறது சரிதான். படம் கேட்கிற கேள்வியே வேற. வண்டிக்குள்ள யார் யோக்கியன்? அந்த வெள்ளிக் கோப்பைக் காட்சியை ஞாபகப்படுத்திக்கோங்க. தண்ணி தீர்ந்துக்கிட்டு வருது. சூதாடி ஹாட்ஃபீல்டு தன் கோப்பையை எடுத்து, அதில் தண்ணி ஊத்தி, ராணுவ அதிகாரி மனைவி லூசிக்குக் கொடுக்கிறான். 'இன்னொரு அம்மாவும் இருக்காங்களே'ன்னு ரிங்கோ (ஜான் வேய்ன்) கேட்கிறான். ஹாட்ஃபீல்டு கோப்பையைச் சட்டுனு உள்ளே வெச்சிடறான். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட டாலஸ் (கிளேர் டிரெவர்) குடுவையில் வாய் வெச்சுத்தான் குடிக்கணும். தீட்டு பார்க்கிறதைக் காட்ட இதுக்கு மேல என்ன வேணும்? யோக்கியன் மாதிரி பேசிக்கிட்டே வர்ற பேங்க்காரன் கேட்வுட் பெட்டி நிறைய அடுத்தவன் பணத்தோட உட்கார்ந்திருக்கான். ஃபோர்டு குற்றவாளியை வண்டிக்குள்ளயே ஏத்திட்டார்.

#3 செம்மண்பாதை

இரண்டு படத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இழைக்கு உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோச் நிலையம், முற்றுகை, 'கொடு, கொடுக்கமாட்டேன்' என்ற பேரம் எல்லாமே 1861 பிப்ரவரியில் அரிசோனாவின் அப்பாச்சி கணவாயில் நடந்தது. படத்துக்கு நேர்த் தலைகீழாக நடந்தது.

பின்னணி: பட்டர்ஃபீல்டு நிறுவனம் 1858 முதல் தெற்கு வழியாகத் தபால் வண்டி ஓட்டியது. மிசூரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ, ஏறக்குறைய 4,500 கி.மீ., 25 நாள் கெடு, வாரம் இரண்டு முறை. அரசு கொடுத்தது ஆண்டுக்கு 6 லட்சம் டாலர். வழி நெடுக சராசரியாக 30 கி.மீ.க்கு ஒரு நிலையம். அப்பாச்சி கணவாயில் கல்லால் கட்டிய நிலையம் ஒன்று இருந்தது. அது சிரிகாகுவா அப்பாச்சிகளின் மண், அவர்கள் தலைவர் கொச்சீஸ். அந்த வழியில் வண்டி பெரும்பாலும் தடையில்லாமல் ஓடியதற்குக் காரணமே அவர் விட்டுக்கொடுத்ததுதான்.

1861 ஜனவரி கடைசியில் ஜான் வார்டு என்பவரின் பண்ணையிலிருந்து மாடுகளையும் ஃபீலிக்ஸ் என்ற சிறுவனையும் வேறொரு அப்பாச்சிக் கூட்டம் ஓட்டிக்கொண்டு போனது. பழி கொச்சீஸ்மேல். ஜார்ஜ் பாஸ்கம் என்ற இளம் லெப்டினன்ட் ஐம்பத்துச் சொச்சம் சிப்பாய்களோடு கணவாய்க்கு வந்து பேச்சுக்கு அழைத்தார். கொச்சீஸ் சந்தேகப்படவில்லை. தம்பி, உடன்பிறந்தவரின் பிள்ளைகள், மனைவி, குழந்தைகளோடு கூடாரத்துக்கு வந்தார். 'நாங்கள் எடுக்கவில்லை, யார் என்று விசாரித்து மீட்டுத் தருகிறேன்' என்றார். பையன் வரும்வரை நீதான் கைதி என்றார் பாஸ்கம். அந்த நிமிடமே கொச்சீஸ் கத்தியை எடுத்துக் கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டார். குடும்பம் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

அப்புறம் அவரும் ஆட்களைப் பிடித்தார். வாலஸ் என்ற தபால் வண்டி ஊழியர் ஒருவர், வழிப்போக்கர் சிலர். என் ஆட்களைக் கொடு, உன் ஆட்களைத் தருகிறேன் என்று பேரம் பேசினார். பையன் இல்லாமல் பேச்சே இல்லை என்று பாஸ்கம் மறுத்தார். அந்தக் கல் நிலையத்தில் இன்னொரு சங்கடம், ஊற்று சற்றுத் தள்ளி இருந்தது. விலங்குகளைத் தண்ணீருக்கு ஓட்டிப் போகும்போதே தாக்குதல் நடந்தது. முடிவில் கொச்சீஸ் தன் கைதிகளைக் கொன்றார். ராணுவம் அவர் தம்பியையும் உடன்பிறந்தவரின் பிள்ளைகள் இருவரையும் வேறு மூன்று அப்பாச்சிகளையும் சேர்த்துத் தூக்கில் போட்டது. அதன்பின் 1872 வரை போர். அந்தப் பையன் ஃபீலிக்ஸ் வேறு அப்பாச்சிகளிடமே வளர்ந்து, பிற்பாடு மிக்கி ஃப்ரீ என்ற பெயரில் ராணுவத்துக்கே துப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தான்.

ஆகவே பழையரீல் சொல்கிற 'வழக்கு' எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணவாயில் ராணுவம் 'குற்றவாளியைக் கொடு' என்று தப்பான ஆளிடம் கேட்டது. 1952 படத்தில் அதே கோரிக்கை அப்பாச்சிகள் வாயிலிருந்து வருகிறது. அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

#4 புதுவரவு

சீரியஸாவே ஒரு சந்தேகம். ஸ்டேஜ்கோச் துரத்தலில் அப்பாச்சிகள் ஏன் முன்னாடி ஓடற குதிரையைச் சுடலை? ஒரு குண்டில் வண்டி நின்னிருக்குமே?

#5 ரிங்கோரசிகன்

ஃபோர்டுகிட்டயே கேட்டாங்க. சுட்டிருந்தா படம் அங்கேயே முடிஞ்சிருக்கும்னு பதில் சொன்னதாச் சொல்வாங்க. அந்தத் துரத்தலோட உயிர் யகிமா கேனட்ங்கிற ஸ்டண்ட் கலைஞர் செய்த சாகசம். ஓடற குதிரையிலேர்ந்து வண்டியோட முன்ஜோடிக் குதிரைக்குத் தாவி, கீழே விழுந்து, தரையில் இழுபட்டு, கடைசியில் பிடியை விட்டு, குதிரைங்க, வண்டி எல்லாம் தன்மேல கடந்து போகிற மாதிரி படுத்திருப்பார். சக்கரத்துக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம்தான் இடம். உப்புத்தரை மாதிரி கெட்டியான வறண்ட ஏரியில் எடுத்தது. இன்னிக்குப் பார்த்தாலும் மூச்சு நிக்குது.

#6 செம்மண்பாதை

புதுவரவு கேட்டது நல்ல கேள்வி. வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அப்பாச்சி கணவாயில் அதே வாரம் வந்த கோச் வண்டியை இருட்டில் தாக்கினார்கள். கோவேறு கழுதையைச் சுட்டு வீழ்த்தினார்கள், ஓட்டுநருக்கும் குண்டடி. செத்த விலங்கைப் பூட்டிலிருந்து அறுத்துவிட்டு மிச்சமிருந்த விலங்குகளோடு நிலையம் வந்து சேர்ந்தார்கள். அப்பாச்சிகளின் வழக்கமான முறையும் அதுதான்: சிறு குழு, மலைவழி, வண்டி மெதுவாகப் போகிற ஏற்றம், பாறை மறைவு. திறந்த வெளியில் கும்பலாகத் துரத்திக்கொண்டு வந்து சாவது சினிமா. கொள்ளையென்று வரும்போது விலங்குகளை உயிரோடு கொண்டுபோகத்தான் பார்ப்பார்கள், குதிரையும் கோவேறு கழுதையும் அவர்களுக்குச் செல்வம்.

#7 இரவுக்கழுகு_ரசிகை

எனக்கு வெஸ்டர்ன் என்றாலே லயன் காமிக்ஸ் வழியாக வந்த கதாநாயகன் டெக்ஸ் வில்லர்தான், அதாவது இரவுக்கழுகார். அவர் நவஜோ என்ற இன்னொரு பழங்குடியின் தலைவர் என்பதால் நவஜோ பூமி கொஞ்சம் பழக்கம். ஸ்டேஜ்கோச் எடுத்த மான்யுமெண்ட் வேலி நவஜோ நிலம்தானே? அங்கே எப்படி அப்பாச்சிகள்?

#8 செம்மண்பாதை

சரியாகப் பிடித்தீர்கள் தோழி. ஸ்டேஜ்கோச்சில் குன்றின்மேல் நிற்கிற 'அப்பாச்சிகள்' அந்தப் பகுதி நவஜோ மக்கள்தான். கொச்சீஸின் நாடு அங்கிருந்து சுமார் 500 கி.மீ. தெற்கே. படத்தின் வழித்தடமும் அப்படித்தான். வண்டி போய்ச் சேர வேண்டிய லார்ட்ஸ்பர்க் நியூ மெக்சிகோவின் தென்மேற்கு மூலை. போகிற வழியில் வருகிற லீஸ் ஃபெரியோ அரிசோனாவின் வடகோடியில், கொலராடோ ஆற்றில் இருக்கிறது. எந்த வண்டியும் அப்படிப் போகமுடியாது. ஆனால் பஞ்சகாலத்தில் அந்தப் படப்பிடிப்புகள் நவஜோக்களுக்குக் கூலி கொடுத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

#9 மறுபக்கம்

எல்லாரும் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். பழையரீல், உங்கள் சின்னப் படத்திலும் அப்பாச்சிகள் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். செத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர்கள் வீட்டில் யார் அழுதார்கள் என்று தெரியுமா? பேசோவுக்கும் டாமுக்கும் அப்பா-மகன் கதை இருக்கிறது. பயணிகளுக்கு ஆளுக்கொரு காதல், ஆளுக்கொரு பயம். செத்தவர்கள் கதைக்கு விறகு.

ஸ்டேஜ்கோச்சில் ஒரே ஓர் அப்பாச்சிக்கு முகம் இருக்கிறது. அப்பாச்சி வெல்ஸ் நிலையக்காரரின் மனைவி. அவளையும் நடித்தது எல்விரா ரியோஸ் என்ற மெக்சிகோப் பாடகி. பாடுவது ஸ்பானிஷில். இரவோடு இரவாகக் காணாமல் போகிறாள். அவள் ஏன் போனாள் என்பதுதான் அந்தப் படத்தில் எனக்கு மிக வேண்டிய கதை.

துரத்தலின் கடைசியை மறுபடி பாருங்கள். ஹாட்ஃபீல்டிடம் ஒரே குண்டு மிச்சம். கண்ணை மூடி ஜெபிக்கிற லூசியின் தலைக்குப் பக்கத்தில் துப்பாக்கியைக் கொண்டுபோகிறான். 'அவர்கள் கையில் சிக்குவதைவிடச் சாவது மேல்' என்று அவன் முடிவெடுக்கிறான், படமும் அதை வீரமாகக் காட்டுகிறது. பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அப்பாச்சி என்றால் என்ன பயம் என்பதை அந்த ஒரு ஷாட் மொத்தமாகப் பார்வையாளன் மண்டையில் ஏற்றிவிடுகிறது. அவர்களுக்கு அங்கே வசனமே தேவைப்படவில்லை.

#10 பழையரீல்

மறுபக்கம், ஹாட்ஃபீல்டு காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. செத்தவர்களுக்குப் பெயர் இல்லை என்பதும் சரி. நான் சொல்வது அதைவிடச் சின்னது. வெளியே நிற்பவன் 'ஏன்' நிற்கிறான் என்பது உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும், அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. முற்றுகையை முடிக்கக் குதிரைப்படையின் எக்காளம் ஒலித்தால் போதும் என்று கதை நினைக்கவில்லை. உள்ளே ஓர் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். 1952-க்கு அது சாதாரணம் இல்லை. இரண்டு வருடம் முன்பு கொச்சீஸை மரியாதையாகக் காட்டிய 'ப்ரோக்கன் ஏரோ' வந்து, காற்று கொஞ்சம் மாறத் தொடங்கிய நேரம்.

இது பணம் இல்லாததால் கிடைத்த நன்மை என்றும் நினைக்கிறேன். துரத்தல் எடுக்கச் செலவு அதிகம்: குதிரைகள், சண்டைக்காரர்கள், தூரத்து லொக்கேஷன். நாலு சுவருக்குள் பத்துப் பேரை அடைத்தால் செலவு குறைவு. அப்புறம் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசித்தான் ஆக வேண்டும். இயக்குநர் ஹரால்டு க்ரெஸ் அடிப்படையில் எடிட்டர். பிற்காலத்தில் 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்', 'த டவரிங் இன்ஃபெர்னோ' இரண்டுக்கும் எடிட்டிங் ஆஸ்கார் வாங்கியவர். இந்தப் படம் எங்கும் நின்று மூச்சு வாங்காமல் ஓடுவதில் அந்தக் கை தெரிகிறது.

நடிப்பில் கில்பர்ட் ரோலண்ட். மெக்சிகோவின் ஹுவாரெஸில் பிறந்தவர், நாற்பதுகளில் சிஸ்கோ கிட் என்ற வெஸ்டர்ன் நாயகன் வேடம் போட்டவர். கொள்ளைக்காரனின் குறும்பும் மகன்முன் ஏற்படும் கூச்சமும் அவரிடம் ஒன்றாகவே வருகின்றன. மெக்சிகோக்காரன் வேடத்துக்கு மெக்சிகோக்காரரே நடித்ததும் அந்தக் காலத்தில் கிடைக்காத விஷயம். முப்பதுகளில் வார்னர் படங்களில் படபடவென்று பேசிய கிளெண்டா ஃபாரலும் இருக்கிறார். பிற்பாடு 'மாஷ்' டிவி தொடரில் கர்னலாக வந்த ஹாரி மார்கனும் உண்டு.

#11 அச்சாணி

வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. படங்களில் நாம் பார்க்கிறது கான்கார்டு கோச். நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்டில் ஆபட்-டௌனிங் பட்டறையில் செய்தது. எடை ஒரு டன்னுக்கு மேல். உடல் பகுதி இரும்பு ஸ்பிரிங்கில் உட்காராது. பல அடுக்காகத் தைத்த தடித்த தோல் பட்டைகள் இரண்டில் தொங்கும். அதனால் தூக்கிப் போடுவதைவிட முன்னும் பின்னும் ஆடும், தொட்டில் போல. உள்ளே ஒன்பது பேர், மூன்று வரிசை. நடு வரிசைக்காரனுக்கு முதுகுக்கு ஒரு தோல் பட்டைதான், எதிரே இருப்பவன் முழங்காலோடு முழங்கால் கோத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஆனால் பட்டர்ஃபீல்டு பாலைவனப் பகுதியில் பெரும்பாலும் இதை ஓட்டவில்லை. செலெரிட்டி வேகன் என்ற இலேசான வண்டி, மேலே கித்தான் கூரை, பக்கத்தில் கதவு கிடையாது, இழுப்பது கோவேறு கழுதைகள். பல நிலையங்களில் அந்தக் கழுதைகள் பாதிதான் பழக்கப்பட்டவை. பூட்டுவதற்கே பெரும்பாடு. 1858-ல் முதல் வண்டியில் கடைசிவரை பயணம் செய்த ஒரே ஆள் வாட்டர்மேன் ஓர்ம்ஸ்பி. 23 வயதுப் பத்திரிகைக்காரர். நியூயார்க் ஹெரால்டுக்கு அவர் எழுதியதைப் படித்தால் இந்த அவதி எல்லாம் வரும். கித்தான் வண்டிக்குள் ராத்திரி முழுக்கத் தூசியோடு உட்கார்ந்திருப்பதை ஒரு படமாவது எடுத்திருக்கலாம். செலவும் குறைவுதான்.

#12 மறுபக்கம்

பழையரீலின் 'குற்றவாளியைக் கண்டுபிடித்தாக வேண்டும்' என்பதற்கு ஒரு பதில். படத்தில் அது நடக்கலாம். 1871 ஏப்ரல் 30-ல் அரிசோனாவின் கேம்ப் கிராண்ட் ராணுவ முகாமருகே என்ன நடந்தது? ராணுவத்தின் பாதுகாப்பை நம்பி அரவைப்பா பள்ளத்தாக்கில் தங்கியிருந்த அப்பாச்சிகளை, டூசான் நகரத்து வெள்ளையர், மெக்சிகோக்காரர், கூடவே டோஹோனோ ஓத்தாம் என்ற வேறொரு பழங்குடி ஆட்கள் சேர்ந்து விடியற்காலையில் கொன்றார்கள். நூறு பேருக்கு மேல், அநேகமாக எல்லாரும் பெண்களும் குழந்தைகளும். ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வருடக் கடைசியில் வழக்கு நடந்தது. ஜூரி 19 நிமிடத்தில் எல்லாரையும் விடுவித்தது.

அதனால் அப்பாச்சி வந்து 'கொன்றவனைக் கொடு' என்று கேட்க, உள்ளே இருப்பவர்கள் மனசாட்சியோடு யோசிக்கிற கதை எனக்கு ஆறுதல் கதையாகவே படுகிறது. நன்றாக எடுத்த ஆறுதல் கதை.

#13 இரவுக்கழுகு_ரசிகை

#12 படித்தபின் ஒரு கேள்வி. ஆறுதல் கதை என்றாலும் 1952-ல் அமெரிக்கச் சின்ன ஊர்த் திரையரங்கில் சனிக்கிழமை வந்த ஒரு பையன் இதைப் பார்த்து, 'அவர்கள் கேட்டது நியாயம்தானே' என்று நினைத்திருப்பானா இல்லையா? நினைத்திருந்தால் அது எனக்குப் போதும். பெரும்பாலான படங்கள் அந்தப் பையனுக்குத் துப்பாக்கி எண்ணத்தான் கற்றுக்கொடுத்தன.

#14 மறுபக்கம்

நினைத்திருப்பான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவன் பயந்தது கோச் பயணிகளுக்காக. படம் அவனை உட்காரவைத்த இடம் சுவருக்கு உள்ளே.

#15 பழையரீல்

ஆமாம், சுவருக்கு உள்ளேதான். கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு உட்காரவைத்தார்கள். ஸ்டேஜ்கோச்சில் அந்தக் கதவே இல்லை, ஓடுகிற வண்டி மட்டும்தான். இந்த வித்தியாசத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு தகவல்: இது மறு ஆக்கம். ஹேகாக்ஸின் அதே கதையை எம்ஜிஎம் 1942-ல் 'அப்பாச்சி டிரெயில்' என்று எடுத்தது. ரிச்சர்டு தோர்ப் இயக்கம், லாயிட் நோலன், வில்லியம் லுண்டிகன், டோனா ரீட். அதில் நிலையக்காரனும் கொள்ளைக்காரனும் அண்ணன் தம்பி. 1952-ல் அப்பா-மகன் ஆக்கினார்கள். அண்ணனைச் சந்தேகப்படுவதும் அப்பாவை வெளியே அனுப்பலாமா என்று யோசிப்பதும் ஒன்றல்ல. பத்து வருடத்தில் செய்த மிக நல்ல திருத்தம் அது என்பது என் கருத்து.

#16 ரிங்கோரசிகன்

எனக்கென்னமோ அண்ணன்-தம்பிதான் பலமாத் தோணுது. ஒரே வீட்டில் வளர்ந்தவன் இப்படி ஆயிட்டானேங்கிற வலி அதில்தான் வரும். பேசோ மாதிரி எப்போவாவது வந்துபோற அப்பன்னா மகனுக்கு ஏற்கெனவே பாதி மனசு விட்டுப்போயிருக்கும். 1942 படத்தையும் பார்த்துட்டு முடிவுகளை ஒப்பிட்டு எழுதறேன். புதுவரவு, அதுவரை நீங்க இரண்டு படத்தோட முடிவையும் எங்கேயும் தேடிப் படிக்காதீங்க.